எபிட்யூரல்: டாக்டர் வந்து போடும் டோஸா, நம் கையில் பட்டனா?

சேலத்தில் எனக்கு இரண்டு பிரசவம், இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டிலும் எபிட்யூரல், அதாவது முதுகு வழியாக மருந்து கொடுத்துப் பிரசவ வலியைக் குறைக்கும் முறை. ஊசி போடுவது எங்கும் ஒரே மாதிரிதான். இடுப்புக்கு நேர் முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, மெல்லிய டியூப் ஒன்றை உள்ளே விட்டு ஒட்டிவிடுவார்கள். அந்த டியூப் வழியாக மருந்து எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் குழந்தைக்கு மயக்க மருந்து டாக்டரே சிரிஞ்சில் டோஸ் கொடுத்தார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வலியோடு இறங்கி வந்தவள் நான். 20 நிமிடத்தில் தூங்கியே விட்டேன். ஆனால் ஒரு டோஸ் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். நள்ளிரவில் அது தீர்ந்தபோது டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். அவர் வர முக்கால் மணி நேரம். "ஊசி போட்டும் ஏன் கண்ணு இப்படித் துடிக்கிற?" என்று அம்மா அழுதார். அடங்கிவிட்டுத் திரும்பும் வலி மிகக் கொடியது.

இரண்டாவதற்குப் பம்ப். மரத்துப்போக வைக்கும் புபிவகைனும் வலியடக்கும் ஃபென்டனிலும் குறைந்த அளவில் கலந்து மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. வலி தலைதூக்கினால் அமுக்க என் கையில் ஒரு பட்டன். எத்தனை முறை அமுக்கினாலும் குறித்த இடைவெளிக்குள் மறுபடி மருந்து போகாது. கணவரோ அம்மாவோ பாவம் பார்த்து அமுக்கக் கூடாது, பெற்றெடுப்பவள் மட்டும்தான். தேவைக்கு மட்டும் மருந்து போனதால் கால்களை அசைக்க முடிந்தது, முக்கும்போது உணர்வும் இருந்தது. பட்டன் இல்லாத பம்ப்பில் மொத்த மருந்து கூடும், கால் கனக்கும் என்றார் டாக்டர்.

ஸ்பைனலையும் (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் ஒரே ஊசியாகப் போடும் மருந்து) எபிட்யூரலையும் சேர்த்துப் போடும் முறை எனக்குப் பழக்கமில்லை. நாத்தனாருக்குப் போட்டார்கள், ஐந்தே நிமிடத்தில் வலி நின்றதாம், உடம்பெல்லாம் அரித்ததாம். பிரசவம் நெருங்கியபின் வருபவர்களுக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஸ்பைனல் மருந்து தீர்ந்த பிறகு அங்கேயும் டோஸா, பம்ப்பா என்ற அதே கேள்விதான்.

ரத்த அழுத்தம் இறங்குவது, நூற்றில் ஒருவருக்கு வரும் கடும் தலைவலி எல்லாம் எந்த முறைக்கும் பொது. ஆயுசுக்கும் முதுகுவலி என்பதற்கு ஆதாரமில்லை.

பம்ப் இருந்தாலும் டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். எட்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு வலி திரும்பினால் யார் வருவார், எங்கிருந்து வருவார்?