டில்டிங் கிரைண்டர்: சரவாங்கிக் கைக்குச் சரிப்பட்டு வருமா?

எங்கள் பழைய டேபிள் டாப் கிரைண்டர் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. அரைத்து முடித்ததும் டிரம்மைக் கல்லோடு தூக்க வேண்டுமே, அதுதான் என்னால் ஆகவில்லை. எனக்குச் சரவாங்கி, அதாவது முடக்குவாதம். மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கியிருக்கும் நாளில் காபி டம்ளரே கனக்கும். அதனால் கோவைத் தயாரிப்பில் 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கினோம்; டிரம்மைத் தூக்காமல், சாய்த்தே மாவைக் கொட்டலாம்.

கடையில் இருந்த தம்பி மோட்டாரையும் வாட்ஸையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த மிஷின் எங்கெங்கே விரலைக் கேட்கிறது, எங்கே உள்ளங்கை போதும்? விரல் செய்யும் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கை செய்வதை முன்கைக்கும் மாற்றிவிடுங்கள் என்று பிசியோதெரபி அம்மா சொல்லிச் சொல்லி, இப்போது எந்தச் சாமானைப் பார்த்தாலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

அந்தக் கணக்கில் சாய்க்கிற லீவருக்கு முழு மார்க். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினால் லாக் விட்டுவிடுகிறது. கைப்பிடியை முன்கையால் அணைத்து இழுத்தால் டிரம் சாய்ந்து, மாவு தானாகத் தூக்குப் பாத்திரத்தில் இறங்குகிறது. ஓரத்தில் ஒட்டியதை வழிக்க மட்டும் கரண்டி வேண்டும். அதன் காம்பில் பழைய துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தடிமனாக்கி வைத்திருக்கிறேன். மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிப்பதுதான் வலி.

மேலே கல்லை அழுத்திப் பிடிக்கும் திருகுதான் கோளாறு. சின்னது, வழுவழுப்பு வேறு. ஈரக்கை பட்டால் விரல் நுனியால் நெரித்துத் திருக வேண்டியிருக்கிறது. இதை வடிவமைத்தவருக்குக் கை வலித்ததே இல்லை போலும். ரப்பர் மேட்டில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் போட்டு, உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்புகிறேன். திறக்க வலது கை, இறுக்க இடது கை. அப்படிச் செய்தால் கை கட்டைவிரல் பக்கமாகத் திரும்பும். இந்த நோயில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயப் பார்க்கும், அதற்கு நாமே துணை போகக் கூடாது. பாட்டில் மூடிக்கும் இதே வழிதான்.

கல்லைத் தூக்கிக் கழுவுவது இன்னமும் வீட்டுக்காரர் வேலை. நான் அரைத்ததும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, பக்கெட்டில் சாய்த்துக் கொட்டிவிடுவேன். அவர் வந்ததும் கல் வெளியே வரும். தனியாக இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து தாராளமாக அரைகிறது. உளுந்து முதலில், அது பொங்கி வந்ததும் வழித்துவிட்டுக் கழுவாமல் அரிசி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சின்ன ஜக்கால் தண்ணீர் விடுகிறேன். காலையில் விறைப்பு விட வெகுநேரம் ஆவதால் அரைப்பதெல்லாம் மதியத்துக்கு மேல்தான். வாரம் ஒருநாள் சரவாங்கிக்கான மெதோட்ரெக்சேட் மருந்து போடுகிறேன். மறுநாள் ஒரே அசதி, அன்றைக்கு ஊறப்போடுவதே இல்லை.

பாக்கெட் மாவு வாங்கினால் என்ன என்று நாத்தனார் கேட்டாள். வாங்கிப் பார்த்தாயிற்று, இரண்டாம் நாளே புளிக்கிறது. இவருக்கு அடை வேறு வேண்டும்.

சப்பாத்தி மாவு பிசையும் தண்டு கூடவே வந்தது. எனக்கு அதுதான் பெரிய லாபம், மாவு பிசைவதை நான் விட்டே பல காலம் ஆகிறது. தேங்காய்த் துருவி இருக்கிறது; மூடியைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

நாங்கள் வாங்கியபோது விலை எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கப் போனால் டிரம்மில் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி, நீங்களே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். திருகையும் ஈரக்கையோடு திருகிப் பாருங்கள். முடிந்தால் கை வலி அதிகமாக இருக்கும் நாளில் போங்கள்.