ஒர்க்‌ஷீட்டா, சேர்ந்து வாசிப்பதா?

என் மகள் ரெண்டாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள். வாசித்து முடித்ததும் "கதையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் முழிப்பாள். போன வருஷம் அவளுடைய டீச்சர், "ரீடிங் நல்லா இருக்கு, காம்ப்ரிஹென்ஷன்தான் போதல, வீட்ல பாருங்க" என்றார். பெங்களூரில், அல்சூர்ப் பக்கம், எங்கள் குடியிருப்பில் விசாரித்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: ஒர்க்‌ஷீட் அடங்கிய பயிற்சிப் புத்தகம், டியூஷன், ஆப், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பது. இந்த ஒரு வருஷத்தில் நாலையும் செய்து பார்த்துவிட்டோம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பிள்ளை வாசித்தும் புரியாத ஒரு கதையைப் போலவே இன்னொன்றை எடுத்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டால் புரிகிறது என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே பிள்ளையின் கவனமெல்லாம் செலவாகிறது. கேட்டும் புரியவில்லை என்றால், சொற்கள் தெரியவில்லை, இல்லையேல் கதை எதைப் பற்றிப் பேசுகிறது என்றே தெரியவில்லை. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ரெண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

என் மகளுக்குக் கேட்டாலும் புரியவில்லை. அதனால் டியூஷன் எங்களுக்குப் பொருந்தவில்லை. அங்கே சொல்லிக்கொடுத்தது ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துச் சொல்லை வாசிக்கும் முறை. அது அவளுக்கு ஏற்கெனவே வரும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை என்றால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான், தயங்க வேண்டாம். ஆப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குரல் வாசிக்க வாசிக்கச் சொல் மின்னுவது எழுத்துக்கு நல்லது. ஆனால் "ஏன்?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

உண்மையான போட்டி மற்ற ரெண்டுக்கும்தான்.

பயிற்சிப் புத்தகத்தை நான் நம்பித்தான் வாங்கினேன். ஒரு பாசேஜ், கீழே ஐந்து கேள்வி, தினமும் ஒன்று. இருபது நாளில் ஐந்துக்கு ஐந்து வாங்க ஆரம்பித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் பனியில் ஸ்லெட்ஜ் ஓட்டும் பையனைப் பற்றி ஒரு பாசேஜ் வந்தது. எல்லா விடையும் சரி. "ஸ்லெட்ஜுன்னா என்னடா கண்ணு?" என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றாள். பிறகு எப்படி எழுதினாள்? இதைப் பாருங்கள்: "டிம்பு மாலையில் லொப்பையில் சிமிளினான்." டிம்பு எங்கே சிமிளினான்? லொப்பையில். எப்போது? மாலையில். ரெண்டு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள், ஒன்றுமே புரியாமல். என் மகள் அந்த இருபது நாளும் கற்றது இந்த வித்தையைத்தான். அவள்மேல் தப்பே இல்லை, கேள்விகள் கேட்டது அதை மட்டும்தான்.

பயிற்சிப் புத்தகம் வீண் என்று சொல்ல மாட்டேன். பள்ளித் தேர்வில் கேள்வி எப்படி வரும் என்று பழக்கும், முழு வாக்கியமாக விடை எழுத வைக்கும். புரிகிற பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. புரியாத பிள்ளைக்குப் புரியாததை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் பயம்.

சேர்ந்து வாசிப்பதில் முதல் வாரம் எனக்கே பொறுமை இல்லை. இருபது நிமிஷத்தில் நாலு பக்கம்தான் நகர்ந்தது. நாலு பக்கமே போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. "ராணி குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள்" என்ற வரியில் நிறுத்தி, "வெளியே எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மழை என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்து, "மழை பெய்யுதா?" என்றாள். பாசேஜில் தேடினால் கிடைக்காத விடை அது. இப்படிப்பட்ட கேள்வி நாளுக்கு ரெண்டு போதும். நிறையக் கேட்டால் கதை பரீட்சையாகிவிடும், பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

அப்புறம், வெளி உலகம். "நைட் வாட்ச்மேன் முதல் ஓவரிலேயே திரும்பினார்" என்ற வரியைக் கிரிக்கெட் பார்க்காதவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தாலும், காவலாளி எங்கே போய்த் திரும்பினார் என்றுதான் கேட்பார். ஆட்டம் தெரிந்தவருக்குத்தான் அது, நாள் முடியும் நேரத்தில் நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்ற அவருக்குப் பதில் முன்னால் இறங்கி அவுட்டானவர் என்று புரியும். அமெரிக்காவில் 1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேஸ்பால் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நாங்கள் நீர்க்காகம் வரும் ஒரு கதை வாசித்தோம். அன்று சாயங்காலமே ஏரிக்கரைக்குப் போனோம். கல்மேல் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு நின்றது. அதன் சிறகில் தண்ணீர் ஊறும், அதனால் அப்படி நின்று காயவைக்கிறது என்று சொன்னேன். அடுத்த மாதம் பள்ளிப் பாடத்தில் வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது என்று வந்தபோது, "நீர்க்காகத்துக்கு ஒட்டுமே!" என்று அவளாகவே சொன்னாள். எந்த ஒர்க்‌ஷீட்டும் அவளிடமிருந்து இதை வரவழைக்கவில்லை.

ஆங்கிலப் பாடத்துக்குத் தமிழில் பேசலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். பேசுங்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். குடையை உதறினால் மழை என்று ஊகிக்கும் புத்தி எந்த மொழியில் வளர்ந்தாலும் மற்ற மொழிக்கும் உதவும். நம் பெங்களூரில் இயங்கும் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது, நிலை நிலையாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் முதல்நாள் தமிழில் வாசிப்போம், மறுநாள் அதே கதையை ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் புதுச் சொல்லைப் பார்த்து அவள் பயப்படுவதில்லை.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில்தான் இருக்கிறது. ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் சமைக்கலாம், சேர்ந்து வாசிக்கும்போது முடியாது. வேலை முடிந்து ட்ராஃபிக்கில் எட்டு மணிக்கு வீடு வருகிற அம்மா அப்பாவுக்கு இது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இப்போது நாங்கள் வாரத்தில் நாலு நாள் சேர்ந்து வாசிக்கிறோம். சனிக்கிழமை ஒரு பாசேஜ், ஆனால் கீழே உள்ள கேள்விகளை மறைத்துவிட்டுக் கேள்வியை அவளே போட வேண்டும். எனக்கு முடியாத நாளில் ஆம்பூரில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ கால். வாசித்த கதையை அவள் பாட்டிக்குச் சொல்ல வேண்டும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, பாசேஜும் கையில் இல்லை. "அப்புறம்?" என்பார், "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" என்பார். பதில் தெரியாத இடத்தில் என் மகள், "இருங்க பாட்டி, பார்த்துட்டு வரேன்" என்று புத்தகத்தைத் திறக்கிறாள்.