மலிவு ஹாட் டப் வாங்கப் போறீங்களா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. என் 289 பவுண்டு போச்சு

இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது காத்தடிச்சு வெக்கிற ஹாட் டப் (வெந்நீர்ல உட்கார்ற பெரிய தொட்டி) வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிடுங்க. எனக்கு 289 பவுண்டு போச்சு. நேத்து ராத்திரி அதே விளம்பரம், அதே படம், வேற கடை பேர்ல என் போன்ல வந்து நிக்குது. வயிறு எரிஞ்சுது. இன்னும் எத்தனை பேர் பணத்தைக் கட்டப் போறாங்களோன்னு தூக்கமே வரலை. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

நான் ஸ்விண்டன்ல நர்ஸா இருக்கேன். பன்னண்டு மணி நேர ஷிஃப்ட் ரெண்டு நாள் தொடர்ந்து பார்த்தா இடுப்பு கழண்டுடும். அத்தை ஊர்ல இருந்து ஆறு மாச விசாவுல வந்திருக்காங்க, அவங்களுக்கு முழங்கால் வலி. நாங்க இருக்கிற வாடகை வீட்டுல ஷவர் மட்டும்தான். பக்கெட்ல வெந்நீர் ஊத்தி காலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும். சின்னவளுக்கு ஏழு வயசு, அவ வேற வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கா. தெரிஞ்ச பிராண்டு எல்லாம் நான் பார்த்தப்ப 450 பவுண்டுக்கு மேல. அப்பதான் இந்த விளம்பரம் வந்துச்சு. ஆறு பேர் உட்காரலாம், ரெண்டு மணி நேரத்துல சூடாயிடும், கடையை மூடுறோம், கடைசி சில டப்தான் பாக்கின்னு போட்டிருந்தாங்க. பிரிட்டிஷ் கொடி, லண்டன் முகவரி, ரெண்டு வருஷ வாரண்டி எல்லாம் இருந்துச்சு.

நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலை. அதுதான் இன்னும் வேதனை. நைட் டியூட்டி பிரேக்ல, ராத்திரி மூணு மணிக்கு, அவங்க சாட்ல கேள்வி மேல கேள்வி கேட்டேன். பொருள் இங்கிலாந்துலதான் இருக்கா? மான்செஸ்டர் குடோன்ல இருக்கு, அஞ்சு நாள்ல வந்துடும்னு பதில். இங்கிலாந்து மூணு பின் பிளக்தானே? ஆமா. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாமா? முப்பது நாள் வரைக்கும் தாராளமா அனுப்பலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு. அத்தைக்கு பிரஷர் இருக்கு, சூட்டைக் குறைச்சு வெக்க முடியுமான்னு கேட்டதுக்கு, "உங்க அம்மா நல்லா இருக்கணும் மேடம்"னு எழுதினாங்க. அந்த ஒரு வரியிலதான் நான் விழுந்தேன். அந்த நேரத்துல முழிச்சிருந்து இவ்வளவு பொறுமையா பேசுற கடை ஏமாத்தாதுன்னு நம்பிட்டேன்.

கார்டுல கட்டினா 319, பேங்க் டிரான்ஸ்ஃபர்னா 289. முப்பது பவுண்டு மிச்சமாகுதேன்னு டிரான்ஸ்ஃபர் பண்ணினேன். புதுசா பணம் அனுப்புற கணக்கு, கவனமா இருங்கன்னு பேங்க் ஆப் எச்சரிக்கை காட்டினதையும் தள்ளிவிட்டுட்டுப் போனேன்.

அஞ்சு நாள்ல வரவேண்டியது 26-ஆவது நாள் வந்துச்சு. பெட்டி ஒரு மூலையில கிழிஞ்சு, பழுப்பு டேப்பால சுத்தி ஒட்டியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காத்தடிச்சு, ஹோஸ் பைப் போட்டுத் தண்ணி விட்டோம். நிறைய ரொம்ப நேரம் ஆச்சு. சின்னவ அதுக்குள்ள நீச்சல் டிரஸ்ஸை மாட்டிக்கிட்டு துண்டோட படியில உட்கார்ந்துட்டா.

மோட்டார் பெட்டியை எடுத்து வெச்சப்பதான் எனக்கு திக்னு ஆச்சு. தண்ணி போற குழாயோட வாய்க்குள்ள வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு. இங்க எங்க கெட்டில்ல படியுமே, அதே சுண்ணாம்பு. விரல் நகத்தால சுரண்டினா செதில் செதிலா வருது. பிரிக்காத புது மோட்டார்ல அது எப்படி வரும்? ஃபில்டரைத் தொறந்தா உள்ள ஒரு நீளமான செம்பட்டை முடி. டப்போட அடிப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு ஒட்டு, அதைச் சுத்தி பசை மஞ்சளாகி இறுகியிருக்கு. யாரோ வாங்கி, பயன்படுத்தி, ஓட்டைன்னு திருப்பி அனுப்பினதை எனக்குப் புதுசுன்னு வித்திருக்காங்க. பிளக்? ரெண்டு பின். கூட லொடலொடன்னு ஆடுற ஒரு அடாப்டர். கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற ஆர்.சி.டி. பெட்டி ஒயர்ல இருக்கணும், விளம்பரப் படத்துலயும் இருந்துச்சு. வந்ததுல இல்லை.

அப்பவே நிறுத்தியிருக்கணும். குழந்தை முகத்தைப் பார்த்துட்டு, யாரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, சூடு மட்டும் ஏறுதான்னு பார்க்கப் போட்டோம். 14 டிகிரியில இருந்து எட்டு மணி நேரத்துல 21. அதுக்கப்புறம் திரையில ஈ02-ன்னு வந்து நின்னுடுச்சு. அடாப்டரைக் கழட்டப் போன என் வீட்டுக்காரர் கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார், அவ்வளவு கொதி. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி இருந்துச்சு. காலையில பார்த்தா பாதித் தண்ணி புல்லுல. ஈரத்துல கரண்டு வெச்சுக்கிட்டு என் பிள்ளையை இறக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அவர் அன்னிக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார். 800 லிட்டர் தண்ணியை 14-ல இருந்து 38-க்குக் கொண்டுவர, கொஞ்சம்கூட சூடு வெளிய போகலைன்னு வெச்சுக்கிட்டாலும், 22 யூனிட் கரண்ட் வேணும். இங்க வீட்டு பிளக் 13 ஆம்பியர், அதுல இழுக்க முடிஞ்சது சுமார் 3 கிலோவாட்தான். இந்த மாதிரி டப்புல ஹீட்டர் பொதுவா 2 கிலோவாட். அப்ப நல்ல டப்பே பதினோரு மணி நேரத்துக்குக் குறையாம எடுக்கும், வெளிய குளிரா இருந்தா ஒரு நாள்கூட ஆகும். ரெண்டு மணி நேரத்துல சூடாயிடும்ங்கிறது முழுப் பொய். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா அந்த ஒரு வரியிலயே பிடிச்சிருக்கலாம்.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. ஒரு நிமிஷத்துல பதில் சொன்ன அதே சாட், இப்ப மூணு நாளைக்கு ஒரு தடவை பேசுது. வீடியோ அனுப்புங்கன்னாங்க. அனுப்பினேன். ஆர்டர் நம்பரைப் பேப்பர்ல எழுதி, பக்கத்துல வெச்சு மறுபடி எடுங்கன்னாங்க. எடுத்தேன். டெக்னிக்கல் டீம் பார்க்குதுன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு, பொருளை நீங்களே வெச்சுக்கோங்க, 10 சதவீதம் திருப்பித் தர்றோம்னாங்க. முடியாதுன்னேன். 15 சதவீதம். சண்டை போட்டதும் 20. என் 289 பவுண்டும் வேணும்னு எழுதினப்போ, அப்ப உங்க செலவுல சீனாவுக்கு அனுப்புங்கன்னு ஒரு முகவரி கொடுத்தாங்க. மான்செஸ்டர் குடோன் எங்க போச்சுன்னு கேட்டதுக்குப் பதிலே இல்லை. கொரியர்ல விசாரிச்சா, டப் விலையை விட அதிகமா சொல்றாங்க. கடைசியா வந்த பதில்: ஆர்டர் போட்டு முப்பது நாள் தாண்டிடுச்சு, எதுவும் செய்ய முடியாது. அவங்களே 26 நாள் இழுத்துட்டு, அந்த நாளையும் என் கணக்குல எழுதுறாங்க!

இங்க சட்டம் அப்படி இல்லை. ஆன்லைன்ல வாங்கினா பொருள் கைக்கு வந்ததுல இருந்து 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். பழுதா வந்தா 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளைக்குள்ள வேண்டாம்னு சொல்லி முழுப் பணமும் கேட்கலாம். ரெண்டையும் எழுதி அனுப்பினேன். "எங்கள் விதிமுறை இதுதான்"னு ஒரு வரி. அந்த லண்டன் முகவரியைத் தேடிப் பார்த்தா, அது தபால் வாங்கி வெக்க மட்டும் வாடகைக்கு விடுற இடம்.

பேங்க்ல முக்கால் மணி நேரம் லைன்ல காத்திருந்தேன். பொருள் உங்க கைக்கு வந்திருச்சு, இது மோசடியில்ல, வியாபாரத் தகராறுன்னு முடிச்சுட்டாங்க. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா, 100 பவுண்டுக்கு மேல போனதால செக்‌ஷன் 75-ங்கிற சட்டப் பிரிவுப்படி கார்டு கம்பெனிகிட்டயே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாமாம். முப்பது பவுண்டு தள்ளுபடின்னு ஆசை காட்டினது எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. 289 பவுண்டு, என் ரெண்டு நைட்டு உழைப்பு.

விவரமா எழுதணும்னுதான் நினைச்சேன், டியூட்டிக்குக் கிளம்பணும். முக்கியமானது மட்டும்:

டிரான்ஸ்ஃபர் பண்ணாதீங்க, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். கிரெடிட் கார்டு மட்டும்தான்.

நேர்ல போய்த் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கடையில வாங்குங்க, நூறு பவுண்டு கூட ஆனாலும் சரி.

மூணு பின் பிளக், ஆர்.சி.டி. ரெண்டும் இல்லைன்னா தண்ணியே விடாதீங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர்ல சொருகாதீங்க. வீட்டுல பிரஷர், இதயக் கோளாறு இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க இருந்தா டாக்டர்கிட்ட கேட்காம இறக்காதீங்க.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. நான் எடுக்கலை.

மோட்டாரையும் அந்தக் கருகின அடாப்டரையும் பையில கட்டி ஷெட்டுல வெச்சிருக்கேன். சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கிற இலவச ஆலோசனை அமைப்புல புகார் பதிஞ்சாச்சு, அவங்க கடைக்காரங்க மேல நடவடிக்கை எடுக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவாங்களாம். நேத்து பார்த்த புது விளம்பரத்தையும் படம் பிடிச்சு அதுல சேர்க்கப் போறேன். நீல டப், உள்ள ரெண்டு பிள்ளைங்க, பின்னாடி மரவேலி, மேல பிரிட்டிஷ் கொடி. அந்தப் படம் உங்க போன்ல வந்தா பணம் கட்டிடாதீங்க.