பல்கலைக்கழக ஆலோசகரா, ஆஸ்பத்திரி ஓ.எஸ்.சி.சி.யா?

யாராவது பாலியல் வன்முறைக்கு ஆளானால், மலேசியாவின் பினாங்கில் விடுதித் தங்கைகள் என்னிடம் கேட்பது இது: "அக்கா, முதலில் எங்கே கூட்டிட்டுப் போறது?"

நேரம்: அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், பாதிக்கப்பட்டவர்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் ஓ.எஸ்.சி.சி. மையத்துக்கு நள்ளிரவிலும் போகலாம். ஆலோசகர் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான்.

உடலும் தடயமும்: இது ஆஸ்பத்திரியின் வேலை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் எடுத்தால்தான் நல்லது. பாதிக்கப்பட்ட ஒரு தங்கை குளிக்கத் துண்டை எடுத்துவிட்டாள். "கொஞ்சம் பொறும்மா" என்றேன். போட்டிருந்த உடையைக் காகிதப் பையில் வைத்தோம். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். போலீஸ் புகாரையும் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாம்.

படிப்பு: இதில் ஆலோசகர்தான் கைகொடுப்பார். அறை மாற்றம், தேர்வுத் தேதி, ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிகாட்டல் எதுவும் டாக்டரால் ஆகாது.

நடந்து மூன்று நாள் ஆகவில்லை என்றால் ஆஸ்பத்திரி, யோசிக்கவே வேண்டாம். மாதங்கள் கழிந்தும் தூக்கமில்லை, அதைச் செய்தவனையே வகுப்பில் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் ஆலோசகர். பல்கலைக்கழகத்துக்கே தெரிய வேண்டாம் என்கிறாளா? சரி, 1985 முதல் பினாங்கில் இயங்கும் டபிள்யூ.சி.சி. என்ற பெண்கள் உதவி அமைப்பில் கட்டணமில்லாமல், ரகசியமாகப் பேசலாம்.