வீட்டில் பாட்டா, நேரில் கச்சேரியா?

ஒலித் தரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், என் ஓட்டு வீட்டுக்குத்தான். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பாடகர் அடுத்த வரிக்கு மூச்சிழுப்பதும், விரல் தந்தியில் வழுக்கும் கீச்சொலியும்கூடத் தெளிவாகக் கேட்கும். அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அதெல்லாம் எட்டாது. மைதானம் என்றால் இன்னொரு வேடிக்கை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, மேடை ஸ்பீக்கரின் சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். டிரம்மரின் குச்சி மேலே எழும்பிய பிறகுதான் அடி கேட்கும்.

பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964-ல், 31 வயதிலேயே கச்சேரி மேடைக்கு முழுக்குப் போட்டார். அப்புறம் அவருக்கு ஸ்டுடியோதான் எல்லாம். ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, நல்லதாகப் பார்த்து நாடாவை வெட்டி ஒட்டுவதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. பிழையில்லாத இசைதான் வேண்டும் என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

காதின் நலனுக்கும் வீடே தேவலை. வேலையிடங்களுக்கான ஒரு பரிந்துரைக் கணக்குப்படி, 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரி அதற்குள் முடிகிறதா என்ன? காதடைப்பான் எடுத்துப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஹெட்போனும் காதைக் கெடுக்கும்தான், ஆனால் ஒலியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, பிறகு ஏன் காசு கொடுத்து, கூட்டத்தில் இடிபட்டுப் போகிறேன்? ஹெட்போன் காதோடு நின்றுவிடும். பேஸ் டிரம்மின் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்கப் பெரிய ஸ்பீக்கர்கள் வேண்டும். அதைவிட முக்கியமானது, அரங்கில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. வீட்டில் பாட்டு ஓடும்போது மெசேஜ் பார்ப்பேன், பிடிக்காத இடத்தைத் தள்ளிவிடுவேன், பாதியில் எழுந்து கதவைத் திறப்பேன். ஒரு முழு ஆல்பத்தை அசையாமல் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை. கச்சேரியில் இரண்டு மணி நேரம் வேறு வழியில்லாமல் கேட்கிறேன். (முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரை வழியாகவே பார்ப்பவர் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.)

ஒருமுறை பாடகர் இரண்டாம் சரணத்தில் வரியை மறந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்க, அடுத்த வரியை அரங்கமே பாடியது. அவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டைப் போட்டேன். அந்த வரி பிசகாமல் வந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.