சொரியாசிஸா, கரப்பானா? தோல் செல்லுக்கு வரும் இரண்டு உத்தரவுகள்

காசிமேட்டில் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் கை ஊறி மீன் வெட்டுகிறவர்களுக்குத் தோல் வெடித்தால், எல்லாவற்றையும் ‘சொறி’ என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே தோல் செல்லை, அதாவது கெரட்டினோசைட்டை, எந்தப் புரதம் தூண்டுகிறது என்பதைப் பொறுத்து நோயே வேறு.

சொரியாசிஸில் முக்கியக் கை இன்டர்லூக்கின்-17 என்ற நோயெதிர்ப்புத் தூதுப் புரதம். இது பட்டதும் செல் வேகமாகப் பெருகும். சுமார் ஒரு மாதத்தில் மேலேறி உதிர வேண்டியது, சில நாளிலேயே முதிராமல் வந்து சேரும். அதுதான் அந்த வெள்ளிச் செதில். சுரண்டினால் குண்டூசி முனை அளவு ரத்தப் புள்ளிகள் தெரியும். ஆனால் கிருமிக்கொல்லிப் புரதங்கள் ஏராளமாகச் சுரப்பதால் சீழ் பிடிப்பது குறைவு.

கரப்பானில், அதாவது எக்ஸிமாவில், இன்டர்லூக்கின்-4, 13. இவை ஃபிலாக்ரின் என்ற தடுப்புச்சுவர்ப் புரதத்தையும் செராமைடு கொழுப்பையும் குறைக்கும். கிருமிக்கொல்லிப் புரதங்களும் குறையும். அதனால்தான் முழங்கை மடிப்பில் நீர் கசிந்து, தேன் நிறத்தில் பொருக்கு கட்டுகிறது.

மருந்தும் அப்படியே பிரிகிறது. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் ஊசி போடுமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம். வாயில் வெண்பூஞ்சை வரலாம். 4, 13 இரண்டையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி போட்டால் கண் சிவந்து உறுத்தலாம். மாற்றிப் போட்டால் பலனில்லை. ஒன்றைத் தடுக்கப்போய் மற்றது தலைகாட்டுவதும் உண்டு.

சொரியாசிஸுக்குக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை விழுங்காதீர்கள். அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.