சோலார் மானியத்தைக் காட்டி என்னைக் கடனில் மாட்டிவிட்ட விதம்

எனக்கு மொட்டை மாடி சோலார் விற்ற இளைஞரைச் சென்ற வாரம் அடுத்த தெருவில் பார்த்தேன். சட்டையில் அச்சிட்டிருந்த நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தது, பேச்சு மாறவில்லை. இவ்வளவு நாள் தள்ளிப்போட்ட இந்தப் பதிவை இப்போது எழுதுவதற்கு அதுவே காரணம். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் யார் பெயரையும் இங்கே சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பயனில்லை; பெயரை அவர்கள் சட்டையோடு சேர்த்தே மாற்றிக்கொள்கிறார்கள்.

மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் கோடைக் காலத்து இரண்டு மாதக் கணக்கு எண்ணூறு யூனிட்டைத் தாண்டிவிடும். ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அந்த இளைஞர் சொன்னவற்றில் இது உண்மை. ஒரு உண்மையை முன்னால் வைத்துவிட்டால், பின்னால் வருவதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

3 கிலோவாட் அமைப்புக்கு விலை 2,35,000 ரூபாய் என்றார். முன்பணமாக 35,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஒரு நிதி நிறுவனத்தில் கடன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். “வட்டி ஒன்பது பர்சன்ட்தாம்மா. மானியம் வந்ததும் கடன்ல தானா கழிஞ்சிடும், நீங்க பேங்குக்கு அலையவே வேண்டாம்” என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே, கடனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்று சொல்லி, என் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பதிந்துகொண்டார். அவற்றில் ஒன்று கடன் ஒப்பந்தத்துக்கான என் கையெழுத்து என்பதும், இன்னொன்று மாதந்தோறும் என் கணக்கிலிருந்து தவணையை எடுத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதி என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒன்பது விழுக்காடு ஃபிளாட் வட்டி. அதாவது நாம் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டியை மட்டும் முதல் நாள் வாங்கிய முழு 2,00,000 ரூபாய்க்கும் ஐந்து ஆண்டுகளுக்குப் போடுவார்கள். வட்டி 90,000 ரூபாய், மாதத் தவணை 4,833 ரூபாய். மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கி முறையில் பார்த்தால் இது 16 விழுக்காட்டை நெருங்குகிறது. போதாததற்கு நடைமுறைக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று 4,720 ரூபாயும், நான் கேட்காத கடன் காப்பீட்டுக்கு 3,000 ரூபாயும் பிடித்துக்கொண்டு, 1,92,280 ரூபாயை நிதி நிறுவனம் நேராக டீலருக்கு, அதாவது அந்த இளைஞரை அனுப்பிய சோலார் நிறுவனத்தின் உரிமையாளருக்கு, அனுப்பிவிட்டது. குறைந்த 7,720 ரூபாயை டீலர் என்னிடமே வாங்கினார். பிடித்தங்களையும் சேர்த்தால் உண்மையான ஆண்டுச் செலவு 17.5 விழுக்காடு.

இதே திட்டத்தின் கீழ் 3 கிலோவாட் வரை, ஈடு எதுவும் கேட்காமல், பொதுத்துறை வங்கிகள் அப்போது சுமார் 7 விழுக்காட்டுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. அங்கே இதே தொகைக்கு ஐந்தாண்டுத் தவணை 3,960 ரூபாய்தான். மொத்த வட்டி 37,600 ரூபாய். “பேங்க்ல மூணு மாசம் இழுத்தடிப்பாங்கம்மா” என்று சொல்லி அந்தப் பேச்சை அவர் முடித்துவைத்தார். அவருடைய வேலை முடிய ஐந்து மாதம் ஆனது.

நான் ஒப்பந்தம் செய்தது மார்ச் மாதம். மூன்றாம் நாளே டீலருக்குப் பணம் போய்விட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி முதல் தவணை என் கணக்கிலிருந்து கழிந்தது. பேனல்கள் மாடிக்கு ஏறியது மே கடைசியில். இன்வெர்ட்டர் வராமல் அவை ஜூலை வரை சும்மா வெயில் காய்ந்தன. மின்வாரியத்தினர் வந்து பார்த்து நெட் மீட்டர் (நாம் வாங்கும் மின்சாரத்தையும் மாடியிலிருந்து திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) பொருத்தியபோது ஆகஸ்டு பிறந்துவிட்டது. அதுவரை மின்கட்டணத்தையும் தவணையையும் சேர்த்தே கட்டினேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டவருக்கு என்ன அவசரம்? வேலை முடிந்து நெட் மீட்டர் ஏறிய பிறகே கடைசித் தொகை விடுவிக்கப்படும் என்று எழுதி வாங்காமல், எந்தக் கடனுக்கும் ஓ.டி.பி. சொல்லிவிடாதீர்கள்.

மானியத்தின் கதை இன்னும் மோசம். அது இப்படிப்பட்ட கடனில் தானாகக் கழியாது; அமைப்பு இயங்கத் தொடங்கிச் சரிபார்ப்பு முடிந்த பிறகு நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதற்கு, பேனலும் அதனுள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டவையாக, அதைக் காட்டும் டி.சி.ஆர். சான்று உள்ளவையாக இருக்க வேண்டும். எனக்கு மாட்டியவை அந்தச் சான்று இல்லாத, விலை குறைந்த பேனல்கள். மானிய விண்ணப்பத்தையும் அந்த இளைஞர் தம்முடைய கைப்பேசி எண்ணில் பதிந்திருந்ததால், அது எந்த நிலையில் நிற்கிறது என்பதே எனக்குப் பல மாதம் தெரியவில்லை. பேனலின் வரிசை எண்ணை மேலே ஏற்றும் முன் படம் எடுத்து, சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். பிறகு பார்க்க வேண்டுமென்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

நிதி நிறுவனத்தில் முறையிட்டபோது, எல்லா விவரமும் எனக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. தேடிப் பார்த்தேன், உண்மைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதம் அடங்கிய முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். என் மின்னஞ்சலில் கிடந்த அந்தத் தாளில் 17.5 என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஆனால் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். எனக்கு வந்தது ஆங்கிலத் தாள். வந்த நேரத்துக்கும் ஓ.டி.பி. வந்த நேரத்துக்கும் இடைவெளி நான்கு நிமிடம்.

இந்த நான்கு நிமிடத்தைத்தான் என் புகாரில் முதலில் எழுதினேன். நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து முப்பது நாள் காத்திருந்து, பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் அனுப்பினேன், கட்டணம் கிடையாது. காப்பீட்டுத் தொகை 3,000 ரூபாய் திரும்பி வந்திருக்கிறது, வட்டியைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை. டீலர் மீதான வழக்கில், மானியம் வாங்கித் தருவதாகத் தாம் எழுத்தில் எங்கும் சொல்லவில்லை என்று அவர் பதில் மனு போட்டிருக்கிறார். விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். “மானியம் அரசு விதிகளுக்கு உட்பட்டது” என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 78,000 ரூபாய் என்ற எண் இருந்தது, அந்த இளைஞர் என் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் காட்டிய கணக்கில் மட்டும்தான். நல்லவேளையாக அந்தத் தாளை நான் எறியவில்லை. அதன் நகலையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.